கடலுக்கு இரண்டு நிமிட நடை: அந்த 12 சென்டை வாங்கலாமா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 26 வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன், அடுத்த வருடம் ஓய்வு. உவரி சுயம்புலிங்க சாமி எங்கள் குலதெய்வம் என்பதால் வருடா வருடம் குடும்பத்தோடு அங்கே வருவோம். இந்த முறை வந்தபோது உவரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் புரோக்கர் ஒருவர் 12 சென்ட் காட்டினார். மொத்தம் மூன்றரை ஏக்கர், அதைப் பிரித்து விற்கிறார்கள். கடலுக்கு நடந்து இரண்டு நிமிடம். பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை, பஞ்சாயத்தில் பிளான் வாங்கித் தருகிறோம் என்கிறார். நிலத்துக்காரர் மும்பையில் இருப்பதால் பவர் வாங்கியவர்தான் எழுதிக் கொடுப்பாராம். சின்னதாக ஒரு வீடு கட்டி விடுமுறைக்கு நாங்கள் வந்து போகலாம், மற்ற நாட்களில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறோம். பாதிப் பணம் ஷார்ஜாவில் இருக்கும் தம்பி போடுகிறான், இருவர் பெயரிலும் பத்திரம் முடிக்க ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: அண்ணாச்சிக்கு வணக்கம். முதலில் வெள்ளிக்கிழமை விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்காதீர்கள். இடம் மோசம் என்று நான் சொல்லவில்லை, அதை நான் பார்க்கவே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பத்துப் பன்னிரண்டு வரிகளிலேயே நின்று விசாரிக்க வேண்டிய விஷயம் நாலைந்து இருக்கிறது. அவற்றை விசாரிக்க குறைந்தது ஒரு மாதம் ஆகும். ஒரு மாதம் பொறுக்காத நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பாளையங்கோட்டையில் 27 வருடமாகச் சொத்து வழக்குதான் பார்க்கிறேன். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் கட்சிக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, 'பத்திரம் சரியா இருக்கா?' என்பதைத்தான். உள்நாட்டு நிலத்துக்கு அந்தக் கேள்வியே முக்கால்வாசி போதும். கடற்கரையில் போதாது. அங்கே பத்திரம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும், நிலமும் உங்கள் பெயருக்கே வந்துவிடும், ஆனால் அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. இது யாருடைய நிலம் என்பது ஒரு கேள்வி. இந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பது வேறொரு கேள்வி. உங்கள் புரோக்கர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார், அதையும் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

'இரண்டு நிமிட நடை' என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணமாக நடக்கிற ஒருவர் இரண்டு நிமிடத்தில் நூற்றைம்பது மீட்டர் போவார். என்னைப் பயப்பட வைத்தது அந்த வரிதான். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது, 1991-ல் வந்த மத்திய அரசின் அறிவிக்கை. அது 2011-லும் 2019-லும் திருத்தி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாடு உண்டு. நகரமாகாத கிராமக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டை அதே அளவில் பழுது பார்ப்பது, மீனவர்களின் தொழிலுக்குத் தேவையான சில வசதிகள் என்று விலக்குகள் சில உண்டு. வெளியூரிலிருந்து வந்து புதிதாக வீடு கட்டுகிறவருக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தாது.

'அதெல்லாம் பழைய சட்டம், இப்போ 50 மீட்டர் ஆக்கிட்டாங்க' என்று புரோக்கர் சொல்வார். அதில் பாதி உண்மை. 2019 அறிவிக்கையில் 50 மீட்டர் என்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழும் கிராமப் பகுதிகளுக்குத்தான். மற்ற இடங்களுக்கு அதே 200 மீட்டர்தான். அதோடு, அந்தப் பகுதிக்கான கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே 2019 விதிகள் நடைமுறைக்கு வரும், அதுவரை 2011 விதிகள்தான். ஆகவே வாய்ப்பேச்சை விடுங்கள். புல எண், உட்பிரிவு எண் இரண்டையும் எழுதி, 'இந்த நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது, இதில் வீடு கட்ட அனுமதி உண்டா' என்று ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு மனுப் போடுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். கிராம வரைபடத்தின் மேல் உயர் அலைக் கோட்டைப் போட்டுத் தர மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலத்துக்கு அந்த வரைபடம் வாங்கியே ஆக வேண்டும்.

உயர் அலைக் கோடு என்றால் நீங்கள் நின்று பார்த்த அன்றைக்கு அலை வந்து தொட்ட இடம் இல்லை. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் தண்ணீர் ஏறி வரும் உச்சக்கோடு அது. நீங்கள் பார்த்தது மாசி, பங்குனியாக இருந்தால் கடல் பின்வாங்கி, மணல் விரிந்து, பார்க்கவே ஆசையாக இருந்திருக்கும். அதே இடத்தை ஆடியில் போய்ப் பாருங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஒருவர் 1996-ல் இந்தக் கடற்கரையில் ஒரு கிராமத்தில் 22 சென்ட் வாங்கிப் போட்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பாகம் வைக்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்தார். பட்டா அவர் பெயரில் இருந்தது, தீர்வை ரசீதுகளும் ஒன்றுவிடாமல் இருந்தன. அளந்து பார்த்துவிடுவோம் என்று நில அளவரைக் கூட்டிக்கொண்டு போனோம். மேற்குப் பக்கத்து இரண்டு கற்களும் சரியாகக் கிடைத்தன. அங்கிருந்து அளவு பிடித்துக்கொண்டு கடல்பக்கமாகப் போனவர் வேட்டியை மடித்துக் கட்டினார், அப்புறம் செருப்பைக் கழற்றினார். அலை முழங்காலைத் தொட்ட இடத்தில் நின்று திரும்பி, 'இன்னும் நாலு மீட்டர் போகணும்மா' என்றார். பக்கத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, 'அந்தக் கல்லுலதாம் தாயி நாங்க வலையக் கட்டி ஒணத்துவோம். கச்சான் காத்துல போயிட்டு' என்றார். என் கட்சிக்காரர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கும் பட்டாவில் 22 சென்ட்தான் இருந்தது. கரையில் மிஞ்சியிருந்தது பதிமூன்று. அந்தப் பதிமூன்றிலும் எதுவும் கட்ட முடியாது.

இந்தக் கரை ஒரே இடத்தில் நிற்கிற கரை இல்லை. கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணல் ஒரு பக்கம் போகும், வாடையில் கொஞ்சம் திரும்பி வரும். இதற்கு நடுவில் கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறார்கள். போட்ட ஊருக்கு அது தேவைதான், படகையும் வீட்டையும் காப்பாற்றுகிறது. ஆனால் வளைவுக்கு ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் மறுபக்கம் கரை அரிக்கும். நீங்கள் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் தூண்டில் வளைவு இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம், புதிதாகப் போடப் போகிறார்களா என்று விசாரியுங்கள். இதற்குப் பதில் எந்தப் பத்திரத்திலும் கிடைக்காது. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிற வயசாளிகள் இரண்டு பேரிடம் கேளுங்கள். 'சின்ன வயசில் கடல் எங்கே இருந்தது?' என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

பஞ்சாயத்தில் பிளான் வாங்கித் தருகிறோம் என்ற பேச்சுக்கு வருகிறேன். கொச்சியை ஒட்டிய மரடு ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் அந்தப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்துத்தான் அந்த அடுக்குமாடிகள் எழும்பின. வாங்கினவர்கள் கடன் எடுத்து வாங்கினார்கள், குடியும் போனார்கள், வீட்டு வரியும் கட்டினார்கள். சி.ஆர்.இசட். விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்ட அனுமதி கிடைத்தது, வரி ரசீது இருந்தது, எத்தனையோ வருடம் குடியிருந்தோம் என்ற வாதங்கள் ஒன்றும் எடுபடவில்லை. உங்கள் வீடு சின்னதுதான். ஆனால் சட்டம் வீட்டின் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கும் இடத்தைப் பார்க்கிறது.

சரி, அளந்து பார்த்ததில் நிலம் 200 மீட்டரைத் தாண்டி, 200-க்கும் 500-க்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் வீடு என்பது அந்த ஊரின் வழிவழியான குடியிருப்பு உரிமைக்குள் வர வேண்டும். தரைத்தளமும் ஒரு மாடியும்தான், உயரம் 9 மீட்டருக்கு மேல் கூடாது. வாடகை விடுதிக்கு விதி இன்னும் கடுமை. கடற்கரை விடுதிக்குக் குறைந்தபட்ச நிலம் 0.4 ஹெக்டேர் என்று அறிவிக்கையின் இணைப்பே சொல்கிறது. அதாவது ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் குறைவு. உங்கள் 12 சென்ட் எந்தக் கணக்கிலும் அதற்குள் வராது. 'ஹோம்ஸ்டேன்னு போட்டுக்கலாம்' என்பார்கள். 2019 அறிவிக்கை அதை அனுமதிப்பது, அங்கேயே வாழும் மீனவர் உள்ளிட்ட கடலோர மக்கள், இருக்கும் வீட்டின் அடித்தளத்தையும் தோற்றத்தையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்க வைப்பதற்கு. சென்னையில் இருப்பவர் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடும் வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வாடகை வரும் என்று நம்பி ஓய்வூதியப் பணத்தை இதில் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த நம்பிக்கைதான்.

இன்னொன்று. அடப்பங்கொடி படர்ந்த மணல்மேட்டை ஜேசிபி விட்டுச் சமன்படுத்தி, 'பிளாட் போட்டாச்சு' என்று காட்டுகிற இடங்கள் உண்டு. கடற்கரை மணற்குன்றும் ஆமை முட்டையிடும் கரையும் சி.ஆர்.இசட்.டில் முதல் வகை, மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ளவை. குன்றைக் கலைப்பதே குற்றம். தரை புதிதாகச் சமன் செய்தது போலத் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், அலை ஏறி இறங்கும் ஓடை இவற்றின் கரைகளுக்கும் தனியாகத் தூரக் கட்டுப்பாடு உண்டு. கடலைப் பார்க்கிற கண் இதைப் பார்க்காமல் விட்டுவிடும்.

தம்பி விஷயம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அவர் வீட்டு மனை வாங்கலாம், வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலை கொடுத்து வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் மூன்றரை ஏக்கர் வருவாய்க் கணக்கில் புஞ்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவர் பெயர் பத்திரத்தில் ஏறவே கூடாது. 'உன் பணத்தில் என் பெயரில் வாங்குகிறேன், பின்னால் பார்த்துக்கொள்வோம்' என்றால் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். அதைவிடப் பெரிய கவலை, அண்ணன் தம்பி இருக்கும்வரை சரியாகப் போகும், அடுத்த தலைமுறை நீதிமன்றத்துக்கு வந்துவிடும். அந்த மாதிரிக் கட்டுகள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன. தம்பியும் சேர்ந்தே வாங்க வேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற வீட்டு மனையாகப் பாருங்கள், இருவர் பெயரிலும் தாராளமாக முடிக்கலாம்.

மூன்றரை ஏக்கரைப் பிரித்து விற்கிறார்கள் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் இதில் பெரிய விஷயம். மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் (ரெரா) பதிய வேண்டும். ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைச் சுற்றிப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'பண்ணை நிலம்' என்று சொல்லிப் பத்துப் பன்னிரண்டு சென்ட்டாக நறுக்கி, பத்திரத்தில் புஞ்சை என்றே எழுதிப் பதிந்துவிடுவார்கள். பதிவு நடக்கும், பட்டாவும் மாறலாம். வீடு கட்டப் பிளானுக்குப் போகும்போதுதான் கதவு சாத்தும். புரோக்கரிடம் நேராகக் கேளுங்கள்: 'மனைப்பிரிவு ஒப்புதல் எண் என்ன? ரெரா எண் என்ன? பத்திரத்தில் மனை என்று எழுதுவீர்களா, புஞ்சை என்று எழுதுவீர்களா?' இந்த மூன்றுக்கும் அவர் சொல்கிற பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பவர் பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த பவரும் அன்றோடு முடிந்தது. மும்பையில் இருக்கிறவரிடம் நீங்களே வீடியோ அழைப்பில் பேசுங்கள். 'இன்ன புல எண், இத்தனை சென்ட், இன்ன விலை, உங்களுக்குச் சம்மதம்தானா?' என்று கேளுங்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அவர் ரயிலேறி வந்து பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றிலும் நல்லது. நெல்லைக்கு நேர் ரயிலே இருக்கிறது.

பட்டா இருக்கிறது என்றால் யார் பெயரில், தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா? நம் பகுதியில் நிலக் கணக்குகளைப் புதுப்பித்து யு.டி.ஆர். கணக்கு எழுதினபோது ஏற்பட்ட தவறுகள் இன்றைக்கும் வழக்காக வந்துகொண்டிருக்கின்றன. அண்ணன் தம்பி நான்கு பேர் நிலம் மூத்தவர் ஒருவர் பெயரில் ஏறியிருக்கும். அவர் பேரன் 'பட்டா எங்க தாத்தா பேர்லதான்' என்று முழுசையும் விற்பான். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, உரிமைக்கு ஒரு ஆதாரம், அவ்வளவுதான். உரிமை எங்கிருந்து வந்தது என்பதை மூலப்பத்திரம்தான் சொல்லும். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள், இந்தக் கடற்கரை நிலத்துக்கு நான் 50 வருடம் பார்ப்பேன். கணினியில் வராத பழைய காலத்துக்குப் பதிவு அலுவலகத்தில் கைப்பிரதியாகத் தேடித் தருவார்கள். வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் தெரியும். நிலுவையில் இருக்கும் வழக்கு, பதியாத பாகப்பிரிவினை, வாய்ப்பேச்சில் கொடுத்த குத்தகை இவை அதில் வராது.

பழைய பத்திரத்தைப் படிக்கும்போது எல்லோரும் சொத்து விவரத்தையும் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் நான்குமாலையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே இரண்டு வரி இருக்கும், அங்கே கண்ணை வையுங்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு விளைக்கு (தோட்ட நிலத்துக்கு) நான் பார்த்த 1958-ஆம் வருடப் பத்திரத்தில், 'மேற்படி நிலத்தில் மேலவரிசையில் நிற்கும் 14 பனைகள் நீங்கலாக' என்று எழுதியிருந்தது. மண் ஒருவருக்கு, பனை இன்னொருவருக்கு. அந்தப் பனைக்காரரின் வாரிசுகள் ஊரில் இருந்தார்கள், வருடம் தவறாமல் பதநீர் இறக்கினார்கள். வாங்க வந்தவர் மரத்தை வெட்டிவிட்டு வீடு கட்டும் யோசனையில் இருந்தார். 2021-லிருந்து பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. அதே பத்திரத்தில், 'கடற்கரைக்குப் போகவர உள்ள மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட' என்றும் ஒரு வரி. அதாவது ஊர் சனம் அந்த நிலத்தின் ஓரமாகத்தான் காலங்காலமாகக் கடலுக்குப் போகிறது. அதில் வேலி போட்டால் வழக்கு வரும். வரவும் வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எஞ்சினைத் தோளில் சுமந்து போகிறவர் உங்கள் காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்? 'தனிக் கடற்கரை' என்று யாராவது விற்றால் அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை. அலையடிக்கும் மணல் யாருக்கும் பட்டாவாகாது. படகு ஏற்றி வைப்பதும், வலை உணத்துவதும், கருவாடு காயப்போடுவதும் அங்கேதான். கருவாட்டு வாசனையும் மீன் ஏலம் போடும் சத்தமும் வேண்டாம் என்று நினைக்கிறவர் அங்கே வாங்காமல் இருப்பதே நல்லது.

நிலத்தின் வகையை 'அ' பதிவேட்டில் பாருங்கள். புறம்போக்கு, அனாதீனம், கோயில் நிலம், நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம், பூதான நிலம் இவற்றில் எதுவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் சில இடங்கள் தேவாலயப் பங்குக்கோ ஊர்க் கமிட்டிக்கோ உரியவையாகப் பாவிக்கப்படும், காகிதம் தனியார் பெயரில் இருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, 'இதை வாங்கலாம்னு இருக்கோம், ஊருக்கு ஏதும் ஆட்சேபணை உண்டா?' என்று கேட்பது சட்டப்படி தேவையில்லாதது, ஆனால் நான் எல்லோரையும் கேட்கச் சொல்வேன். நிலத்துக்காரர் வீட்டுப் பெண்மக்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதையும் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பதில் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை.

இடத்தை மழைக்காலத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்குத் தெரியும். வருடம் முழுக்க வறண்டு கிடக்கும் கருமேனியாறும் நம்பியாறும் சிற்றோடைகளும் எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்பதை அப்படிப்பட்ட மழையில்தான் காட்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் எப்படி என்றால், பக்கத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்துப் பாருங்கள், மே மாதத்தில். கடல்நீர் உள்ளே ஏறி உவர்ந்துபோன கிணறுகள் அந்தப் பக்கம் ஏராளம். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் விடுதிக்காக போர் போட்டு நீர் எடுக்க அனுமதியே இல்லை.

வேறு இடம் பார்ப்பதானால் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை வெளியிலிருந்து மக்கள்தொகையைப் பெருக்கும் குடியிருப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. விஜயாபதி, இடிந்தகரைப் பக்கம் மலிவாக வந்தால் அதையும் சேர்த்து விசாரியுங்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து, சுற்று வட்டாரத்தில் எந்த மனைக்கும் அதைச் சொல்லித்தான் விலை ஏற்றுகிறார்கள். ஏவுதளம் வருவதால் அந்தக் குறிப்பிட்ட புல எண்ணுக்கு என்ன நன்மை, என்ன கட்டுப்பாடு என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

கட்டுமானம் என் துறை இல்லை. ஆனால் கடலோர வீட்டு வழக்குகளில் பொறியாளர்கள் கொடுத்த அறிக்கைகளைப் படித்ததில் ஒன்று தெரியும். உப்புக்காற்று முதலில் தின்பது கம்பியை. இந்தியத் தர நிர்ணய விதியில் கடலோரக் காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறார்கள். உள்நாட்டு வீடு கட்டுகிற கொத்தனார் பழக்கத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் விடுவார். உவர்த் தண்ணீரில் காங்கிரீட் கலக்கவோ நனைக்கவோ கூடாது. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பராமரிப்புச் செலவு இன்னும் கூடும்.

உங்களுக்கு அந்தக் கடல்மேல் இருக்கிற பிரியம் எனக்குப் புரிகிறது. குலசாமி இருக்கிற ஊர், ஓய்வுக்குப் பிறகு அங்கே நாலு நாள் இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடலிலிருந்து 500 மீட்டர் தாண்டி, ஊருக்கு மேற்கே, மனைப்பிரிவு ஒப்புதல் உள்ள இடத்தில் ஐந்தாறு சென்ட் பார்ப்பேன். கடலுக்கு நடந்து ஏழெட்டு நிமிடம் ஆகும். தண்ணீர் கொஞ்சம் நன்றாக இருக்கும், தம்பி பெயரும் ஏறும், வங்கிக் கடனும் கிடைக்கும். பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 9 விழுக்காடு தனியாக எடுத்து வையுங்கள். 'பாதியைக் கையில் கொடுங்க' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எல்லாம் வங்கி வழியாகப் போகட்டும். அதுவரை ஆடியில் ஒரு வாரம், ஐப்பசியில் ஒரு வாரம் உள்ளூர்க்காரர் வீட்டில் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள், மதினியையும் கூட்டி வாருங்கள். ஆடிக் காற்றில் சோற்றுத் தட்டில் மணல் விழும்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோக்கருக்கு வெள்ளிக்கிழமை இப்படிச் சொல்லுங்கள்: 'மூலப்பத்திர நகல், புலப்படம், அ பதிவேட்டு நகல், பவர் பத்திர நகல் நாலையும் கொடுங்க. வக்கீல் பார்த்துச் சொன்ன அப்புறம் அட்வான்ஸ்.' நகல் கொடுக்கப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அவை கிடைத்தால் ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாருங்கள். பத்திரத்தில் நான்குமால் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து சாட்சிக் கையெழுத்து வரை முழுசும் வேண்டும்.